சிவப்பு மையால் அடித்த வரி

பினாங்கில் கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளி ஒன்றில் இருபத்தாறு வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். வாசிப்பு, எழுத்து, பேச்சு மூன்றும் என் பொறுப்பு. என்னிடம் படித்தவர்கள் இன்றும் கடைத்தெருவில் என்னைக் கண்டால் நின்றுவிடுகிறார்கள். "உங்க சிவப்பு மையை மறக்க முடியுமா டீச்சர்!" என்று சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன். அந்த மையால் நான் கெடுத்த ஒரு பெண்ணைப் பற்றி அவர்களிடம் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூட, "கர்வப்பட்டேன் சாமி" என்று மட்டும் சொல்லி நழுவிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் காலத்தில் நல்ல ஆங்கிலம் என்றால் நீளமான ஆங்கிலம். கடிதம் என்றால், மிகுந்த பணிவுடனும் தாழ்மையுடனும் தங்கள் மேலான சமுகத்தின் பாதங்களில் சமர்ப்பிக்கிறேன் என்று தொடங்கவேண்டும். தங்கள் நீண்ட ஆயுளுக்காக என்றென்றும் பிரார்த்திப்பேன் என்று முடிக்கவேண்டும். இப்படி ஒரு மாதிரிக் கடிதத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளை நெட்டுருப் போடவைப்பேன். எனக்கு அப்படித்தான் எழுத வந்தது. அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

அந்தப் பெண் ஐந்தாம் ஸ்டாண்டர்டில் இருந்தாள். பன்னிரண்டு வயது, தமிழ்ப் பெண். பசுவைப் பற்றி எழுதச் சொன்னால் மற்றவர்கள் எல்லாரும் பசு ஒரு சாதுவான பிராணி, நமக்குப் பால் தருகிறது என்று எழுதுவார்கள். இவள் மட்டும், எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் நிற்கும் பசு வைக்கோலை விட்டுவிட்டுக் கொடியில் காயும் சட்டையைத் தின்கிறது என்று எழுதியிருந்தாள். சின்னச் சின்ன வாக்கியங்கள். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, பக்கத்தில் 'தேவையற்றது' என்று எழுதினேன். என் புத்தி அப்படி.

அவள் அப்பா துறைமுகக் கரையில் ஒரு கம்பெனியின் சரக்குக் கிட்டங்கியில் மூட்டை தூக்கியவர். அரிசி மூட்டை அடுக்கு சரிந்து காலில் விழுந்ததில் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. மூட்டை தூக்க முடியாதவனுக்குக் கம்பெனி லைனில் அறை எதற்கு? முப்பதுகளின் தொடக்கம் அது. ரப்பர் விலை விழுந்து, நல்ல காலோடு இருந்தவர்களையே கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதே கிட்டங்கியில் ஜாகா வேலை ஒன்று காலியாக இருந்தது. இரவுக் காவல், உட்கார்ந்து பார்க்கிற வேலை. அது கிடைத்தால் அறை நிலைக்கும், பெண்ணின் படிப்பும் நிலைக்கும். கிடைக்காவிட்டால் கடலுக்கு அக்கரையில், நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அங்கே இங்கிலீஷ் பள்ளி கிடையாது.

ஒரு நாள் மதிய மணி அடித்ததும் அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"டீச்சர், அப்பாவுக்காக கம்பெனி துரைக்கு லெட்டர் எழுதிருக்கேன். தப்பு இருக்கான்னு பாக்குறீங்களா?"

"பெட்டிஷன் எழுதுறவர் யாருகிட்டயும் போகலையா?"

"துரை வேண்டாம்னுட்டாரு டீச்சர். 'உன் மக இங்கிலீஷ் படிக்குதாமே, அதையே எழுதச் சொல்லு, நான் படிக்கிறேன்'னு அப்பாகிட்ட சொன்னாராம்."

இதை அவள் என்னிடம் தெளிவாகச் சொன்னாள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

கடிதம் ஏழெட்டு வரிதான். என் அப்பா உங்கள் கிட்டங்கியில் பத்து வருஷம் மூட்டை தூக்கினார். இப்போது கால் வளைந்துவிட்டது. ஆனால் கண் நன்றாகத் தெரியும். கால் வலியால் அவருக்கு இரவில் தூக்கம் வராது. அதனால் அவர் நல்ல ஜாகாவாக இருப்பார். இப்படிப் போயிற்று அந்தக் கடிதம். கடைசியில், நான் பள்ளிக்கூடத்தை விட விரும்பவில்லை என்று ஒரு வரி.

பெரிதாகச் சொல்லும்படி ஒரு தப்பும் அதில் இல்லை. ஆனால் துரை இதைப் படித்துவிட்டு, யாரிடம் படிக்கிறாய் என்று கேட்டால்? இந்த மொட்டைக் கடிதம் என் மாணவி எழுதியதா? எனக்கு மானம் போய்விடும் போலிருந்தது. பேனாவை எடுத்தேன். தூக்கம் வராது என்ற வரியைத்தான் முதலில் அடித்தேன். துரையிடம் போய் வலியையும் தூக்கத்தையும் பேசலாமா?

"டீச்சர், துரை நானேதான் எழுதணும்னு..."

"நீதானேடி எழுதப் போறே? நான் திருத்தத்தானே செய்யுறேன்?"

திருத்தி முடித்தபோது அவளுடைய வாக்கியம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பணிவு, தாழ்மை, பாதங்கள், பிரார்த்தனை எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டன. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து முத்து முத்தாகப் பிரதி எடுத்தாள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

நாலு நாள் கழித்து அவள் முகம் சரியாக இல்லை. வராந்தாவில் நிறுத்திக் கேட்டேன்.

"துரை கூப்பிட்டாரு டீச்சர். லெட்டரை கையில குடுத்து சத்தமா படிக்கச் சொன்னாரு. படிச்சேன்."

"அப்புறம்?"

"ஒரு வார்த்தையைக் காட்டி அர்த்தம் கேட்டாரு. தெரியல. இன்னொண்ணு கேட்டாரு. அதுவும் தெரியல. 'இது உன் எழுத்து, ஆனா உன் கடிதம் இல்லை. என்னை ஏமாத்தப் பாக்குறீங்க'ன்னாரு. யாரு எழுதிக் குடுத்ததுன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல டீச்சர்."

அந்த நிமிஷம் என் மனதில் முதலில் வந்தது இரக்கம் இல்லை, நிம்மதி. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. பெற்றோருக்கு மனு எழுதிக் கொடுக்கக் கூடாது என்று பள்ளித் தலைவியான மதர் எங்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மீறினால் வேலை போகும். அந்தப் பெண் வாயைத் திறந்திருந்தால் என் பெயர் வெளியே வந்திருக்கும். அவள் திறக்கவில்லை. என் திருத்தத்தால்தான் வேலை கிடைக்காமல் போயிற்று என்பதை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

இரண்டு இரவு புரண்டு புரண்டு படுத்தேன். சனிக்கிழமை காலை குடையை எடுத்துக்கொண்டு துறைமுகக் கரைக்கு நடந்தேன். துரையிடம் உண்மையைச் சொல்லிவிடுவது, அவளுடைய பழைய கடிதத்தைக் காட்டிவிடுவது என்று தீர்மானம். அடித்தல் திருத்தலோடு அந்தக் காகிதம் என் பையிலேயே இருந்தது. அவ்வளவு சிவப்புக்கு நடுவிலும் அவள் எழுதியதைப் படிக்க முடியும்.

கம்பெனி வாசலில் மேசை போட்டு கணக்கு எழுதும் தமிழ்க் கிராணி ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அவர் தங்கை எங்கள் பள்ளியில் படித்தவளாம்.

"வாங்க டீச்சர். என்ன இவ்ளோ தூரம்? துரையப் பாக்கணுமா? உள்ளதான் இருக்காரு."

கதவு திறந்துதான் இருந்தது. துரையின் முழங்கையும் ஒரு கோப்பையும் தெரிந்தன. பத்து அடி நடந்தால் போதும். மதரின் முகம் நினைவுக்கு வந்தது. இந்தக் கிராணி மாலைக்குள் ஊரெல்லாம் சொல்லிவிடுவார் என்று தோன்றியது. டீச்சருக்கே இங்கிலீஷ் தெரியவில்லையாம் என்று துரை சிரிப்பது காதில் கேட்டதுபோல் இருந்தது.

"இல்ல... கிளாசுல மாட்ட காலண்டர் ஏதும் மிச்சம் இருக்கான்னு கேக்கலாம்னு வந்தேன்."

"அதுக்கென்ன டீச்சர், இருக்குலா!" என்று அவர் அலமாரியைத் திறந்தார்.

கப்பல் படம் போட்ட காலண்டர். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வெயிலில் குடையைப் பிரிக்கவும் மறந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அடுத்த வாரம் அவள் அப்பா கம்பு ஊன்றிக்கொண்டு பள்ளிக்கு வந்தார், பெண்ணின் சர்ட்டிபிகேட் வாங்க. என்னைப் பார்த்துக் கை கூப்பினார்.

"டீச்சர்தான் லெட்டரைத் திருத்திக் குடுத்தீங்கன்னு பாப்பா சொல்லிச்சு. ரொம்ப நல்லாருந்துச்சாம். என் நேரம் சரியில்லலா டீச்சர், அவ்ளோதான். நீங்க என்ன செய்வீங்க?"

நானும் கை கூப்பினேன். அவள் ரீடர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "போயிட்டு வரேன் டீச்சர்" என்றாள். அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். "லெட்டர் போடு" என்றேன். வேறு என்ன சொல்ல எனக்கு யோக்கியதை இருந்தது? அன்று மாலை ஃபெர்ரியில் அக்கரை போய்விட்டார்கள்.

காலண்டரை வகுப்பில் மாட்டினேன். மாட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் கிராணி வீட்டார் யாராவது வந்து பார்த்தால் என்ன சொல்வது என்ற பயம். வருஷம் முழுக்க அந்தக் கப்பல் கரும்பலகைக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஏழு மாதம் கழித்துத் தோட்டத்திலிருந்து அவள் கடிதம் வந்தது. உறையை அவசரமாகக் கிழித்தேன். பால்மரம் வெட்டப் போகிறாளா, அப்பாவின் கால் எப்படி இருக்கிறது, சித்தப்பா வீட்டில் ஒழுங்காகச் சோறு போடுகிறார்களா, எதையாவது தின்னும் பசு அங்கேயும் இருக்கிறதா என்று ஆயிரம் கேள்வி எனக்கு.

மிகுந்த பணிவுடனும் தாழ்மையுடனும் தங்கள் மேலான சமுகத்தின் பாதங்களில் சமர்ப்பிக்கிறேன் என்று தொடங்கியிருந்தாள். தங்கள் கருணையால் நாங்கள் யாவரும் க்ஷேமம் என்றிருந்தது. தங்கள் நீண்ட ஆயுளுக்காக என்றென்றும் பிரார்த்திப்பேன் என்று முடிந்தது. கரும்பலகையில் நான் எழுதிப்போட்டது அப்படியே, ஒரு சொல் மாறாமல். திருப்பித் திருப்பிப் படித்தேன். அப்பாவுக்கு இப்போதாவது தூக்கம் வருகிறதா என்று எங்கேயும் இல்லை.

பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். கடிதத்தில் ஒரு தப்புகூட இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அழுதேன்.