ஒன்பதாவது போல்ட்

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. நாலு பேர் கூடிய இடத்தில் பெயர் கேட்டாலே குரல் உள்ளே போய்விடுகிற ஆள் நான். வாய் திறக்க வேண்டிய நேரத்தில் திறந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை இலுப்பைக்கடவையில் பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்துக் கராஜிலிருந்து டீசல் மணம் வந்தது. ஒருவர் எஞ்சின் ஹெட்டை இறுக்கி, ஒவ்வொரு போல்ட் தலையிலும் வெள்ளைப் பேனையால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். என் விரல்கள் தாமாகவே ஒன்றையொன்று உரசின. வெண்கட்டித் தூளைத் தட்டிவிடும் பழக்கம்.

விடத்தல்தீவில் எங்கள் வளவில்தான் இவர் எஞ்சின் வேலை செய்தார். இவர் என்றால் என் வீட்டுக்காரர். வள்ளத்து எஞ்சின்களும் கட்டுக்கரைப் பக்கத்து உழவு மெசின்களும் வரும். எங்கள் வீட்டுக் கறியில்கூட டீசல் மணக்கிறது என்று என் தங்கச்சி சொல்வாள். அவளுடைய புருஷன் கருவாட்டு வியாபாரி. 

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை இறுக்குவது மட்டும் எங்கள் இருவருடைய வேலை. போல்ட் இறங்கும் துவாரங்களைக் கம்பியில் துணி சுற்றி நான் துடைப்பேன். அடியில் எண்ணெய் தேங்கியிருந்தால் போல்ட் இறுகியது போலக் காட்டும், ஹெட் இறுகியிராது. பிறகு போல்ட்டின் மரைக்கு மெல்லிய எண்ணெய். நடுவிலிருந்து வெளியே, மாறி மாறி, மூன்று சுற்று. கடைசிச் சுற்றுக்கு அளவுச் சாவி. சரியான இறுக்கம் வந்ததும் அது ‘டக்’ என்னும். நான் போல்ட் தலையில் வெண்கட்டியால் ஒரு சரி அடையாளம் போட்டு அடுத்த இலக்கத்தைச் சொல்வேன். பத்துப் போல்ட், பத்து டக். கல்யாணமான புதிதில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது அந்த இலக்கங்களைத்தான்.

கட்டுக்கரையிலிருந்து கந்தையா அண்ணை மெசினைக் கொண்டுவந்தது அறுவடைக்குச் சற்று முன்னால். எதையும் சிரிப்பாக்கிவிடும் பகிடிக்காரர். நாங்கள் கடைசிச் சுற்றில் இருந்தபோது கதிரையை இழுத்து எனக்கு நேரே போட்டுக்கொண்டார்.

“சரி போடுறதைப் பார்த்தா தங்கச்சி ரீச்சரேதான். தம்பி தண்டனைக்கு எத்தினை தரம் வாங்குக்கு மேல ஏறி நிண்டவன்?”

“ஒவ்வொரு நாளும்தான் நிக்கிறன் அண்ணை” என்று இவர் திரும்பிச் சிரித்தார்.

என் முகம் எரிந்தது. எப்படியாவது உள்ளே போய்விட வேண்டும். இவர் சாவியை வைக்குமுன்பே ஒன்பதாவதில் சரி போட்டுவிட்டேன்.

“ஒம்பது முடிஞ்சுதே?”

நிமிராமல் தலையை ஆட்டினேன். இவர் பத்தாவதை இறுக்கினார்.

கேத்தல் கொதிக்கும்போது காதில் மிச்சமிருந்ததை எண்ணினேன். ஒன்பது டக். வாசலுக்கு வந்தேன். அண்ணை இன்னும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் சொல்ல வாய் வரவில்லை. போனபின் சொல்லலாம் என்று தேத்தண்ணியைக் கொடுத்தேன். மெசின் நல்ல சத்தத்தோடு ஓடத் தொடங்கியது. அண்ணை ஏறிப் போய்விட்டார். இனி ஒன்றும் நடக்காது என்று நானே என்னை நம்பவைத்தேன்.

அறுத்த கதிரைச் சூடாகக் குவித்து, மெசினை ஏற்றி மிதிக்கும்போது, அது பாதியில் புகைந்து நின்றுவிட்டது. வேறு மெசின் கிடைக்குமுன் மழை. மிதிக்காத நெல் சூட்டிலேயே முளைத்துப்போயிற்று. அண்ணை சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“தம்பி, உன்ர கையில பிழை வராது. என்ர கெட்ட காலம்” என்றார்.

இவர் ஹெட்டைக் கழற்றினார். ஒன்பதாவது போல்ட் பக்கம், ஹெட்டுக்கு அடியில் வைக்கிற கஸ்கெட் தகடு எரிந்திருந்தது. நான் போட்ட சரி எண்ணெயில் அழிந்துபோயிருந்தது.

“அந்த இடத்தில கை தளர்ந்திட்டுது போல” என்று தன் வலது கையைப் பார்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அதன்பிறகு இறுக்கியதையே திரும்பத் திரும்ப இறுக்கினார். ஒருமுறை போல்ட் முறிந்தது. ஹெட் வேலை வேண்டாம் என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். கடைசியில், மீன் வாங்கி அனுப்பும் வாடியில் கூலிக்குப் பெட்டி ஏற்றப் போனார்.

இப்போது வயலிலேயே வெட்டி அடிக்கிற மெசின் வருகிறது, சூடு வைப்பாரில்லை. கந்தையா அண்ணையும் உயிரோடு இல்லை. வளவில் எண்ணெய் மணம் கிடையாது. தங்கச்சி வந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லாமல் போகிறாள்.

இலுப்பைக்கடவையிலிருந்து வந்த அன்று பின்னேரம் இவரிடம் சொன்னேன்.

“ஒம்பதாவதோ?”

“ஓம். நீங்கள் இறுக்கேல்லை. நான் சரி போட்டிட்டன்.”

இவர் வலது கையை விரித்து மூடினார். என்னைப் பார்க்கவில்லை.

“அண்ணை உயிரோட இருக்கேக்க சொல்லியிருக்கலாம்.”

மறுநாள் காலை அலுமாரியைத் திறந்து அளவுச் சாவியை எடுத்தார். துடைத்து, எண்ணெய் பூசி, திரும்ப உள்ளே வைத்தார். பிறகு வாடிக்குப் போனார்.