'ங்க' யாருக்கு?

கொடுமுடியில் ஏழு வருடம் பாடம் எடுத்தேன். எந்தப் பிள்ளை எந்த வீதி, யாருக்கு யார் சித்தப்பா மகள் என்பதுவரை எனக்கு அத்துபடி. துடியலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு மாறுதல் வந்ததும், கூட வேலை பார்த்த தோழி, "நாலாங் கிளாஸ்ல பாதிப் புள்ளைக வடக்கத்திப் புள்ளைகளாமா" என்று பயமுறுத்தினாள். இரும்பு வார்க்கிற பவுண்டரியிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்களின் பிள்ளைகள். நானா பயப்படுகிற ஆள்? கோடை விடுமுறை முழுக்கத் தயாரானேன்.

தயாரானேன் என்றால் சும்மா இல்லை. காந்திபுரத்தில் பானிபூரி விற்கிறவரிடம் நின்று இந்தி கற்றுக்கொண்டேன். தட்டுக்கு இரண்டு வாக்கியம். பள்ளி திறப்பதற்குள் பழைய ரவிக்கை ஒன்றும் எனக்குச் சேரவில்லை. உட்கார் என்பதற்கு அவர் "பைட்டோ" என்று சொல்லிக் கொடுத்தார். மரியாதையாகச் சொல்ல என்ன என்று விடாமல் கேட்டு, "பைட்டியே" என்பதையும் வாங்கிக்கொண்டேன். கொங்குக்காரி மரியாதையில் குறை வைக்க முடியுமா? பிறகு வீட்டுத் தரையில் கட்டில் அகலத்துக்கு இந்திய வரைபடம் வரைந்து, ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் கோயம்புத்தூருக்குச் சிவப்பு நூல் கட்டினேன். அதைத் தாண்டித் தாண்டி நடந்து என் வீட்டுக்காரர் சலித்துப்போனார்.

"ஏனம்மணி, நீ பாடம் நடத்தப் போறயா, ரயில் உடப் போறயா?" என்றார்.

முதல் நாள் கடைசி பெஞ்சில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. அருகில் போய், பெயர் கேட்க என் இந்தியை எடுத்துவிட்டேன். "ஆப்கா நாம் க்யா ஹை?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எனக்கு இந்தி சரியா வராது. நீ தமிழ்லயே பேசு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. புதுசு, போகட்டும் என்று விட்டேன். மறுநாள், "ஏய் டீச்சர், இங்க வா. இதைப் பாரு" என்றாள். மூன்றாம் நாள் தலைமையாசிரியை வகுப்புக்கு வந்தபோது, "ஏய், நகரு. போர்டு தெரியல" என்று அவரிடமே சொல்லிவிட்டாள். "ஏனுங்க டீச்சர், புள்ளைக்குக் கொஞ்சம் மருவாதை சொல்லிக் குடுங்க" என்று அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் மானம் போனது.

கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். பெற்ற பிள்ளையையே 'வாங்க கண்ணு, சாப்புடுங்க' என்று கூப்பிடுகிற ஊர் எங்கள் ஊர். திட்டுவதென்றாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம். "நாளைக்கு உங்கொப்பனைக் கூட்டிட்டு வந்தாத்தான் கிளாஸ்" என்று கத்தினேன்.

அவள் முகம் செத்துப்போனது. பக்கத்தில் இருந்த பெண், "டீச்சர், இதுக்கு முன்னாடி ரெண்டு ஸ்கூல்ல இவள நிறுத்திப்போட்டாங்களாமா. இதுலயும் நிறுத்திட்டா, தங்கியிருக்கற ஷெட்லயே தங்கச்சியப் பாத்துட்டு இருன்னு அவங்கம்மா சொல்லிருக்காங்களாமா" என்றாள். கேட்டது. ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மகளை ஒரு கையிலும் அவளுடைய புத்தகப் பையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு அப்பா வந்தார். சட்டையெல்லாம் பவுண்டரிக் கரி. எங்கள் வாட்ச்மேன் தங்கமான மனிதர். தினமும் என்னை, "வாங்க டீச்சர், சாப்ட்டீங்களா" என்பவர். அவர் அந்த மனிதரைப் பார்த்ததும், "ஏய், இங்க வா. எங்க போற? அங்கயே நில்லு" என்றார்.

அதே ஏய். அதே இழுப்பு. எனக்குச் சுருக்கென்றது.

இந்தப் பிள்ளை தமிழை வேறெங்கே படித்திருக்கும்? ஷெட் சூப்பர்வைசரும் மளிகைக் கடைக்காரரும் பஸ் கண்டக்டரும் அவளுடைய அப்பா அம்மாவிடம் பேசியதைக் காதால் கேட்டு, இதுதான் தமிழ் என்று கற்றிருக்கிறாள். நன்றாகவே கற்றிருக்கிறாள். ஊரைச் சொல்வானேன்? எங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர்களை, என் அப்பாவைவிட மூத்தவர்களை, பாவாடை கட்டிய வயதில் நானும் 'வா, போ' என்றுதான் கூப்பிட்டேன். நேற்றுகூட 'உங்கொப்பன்' என்றேனே. ஊருக்குத்தான் உபதேசம். வெட்கமாக இருந்தது.

அவர் வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வேன் என்று நினைத்திருப்பார் போல. பையை முதலில் நீட்டினார். "மேடம், நீ இவள நிறுத்தாத. நல்லா படிக்குது" என்றார். அழுது வீங்கிய கண்ணோடு மகள் என் வாயையே பார்த்தாள்.

பையை வாங்கி அவள் தோளில் மாட்டினேன். "உங்க எடத்துல போய் உக்காருங்க கண்ணு" என்றேன். நம்பாமல் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு ஓடினாள்.

என் நாற்காலியை இழுத்துப் போட்டேன். "வாங்க. நீங்களும் உள்ள வந்து உக்காருங்க."

அவர் சட்டென்று திரும்பி, தனக்குப் பின்னால் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தார்.