அடக்கி வைத்த மூத்திரம்

கழக ஆட்சி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. நில உச்சவரம்பு, கூலி உயர்வு என்று வலங்கைமான் பக்கம் ஊருக்கு ஊர் விவசாயச் சங்கக் கொடி ஏறி, மிராசுதாரர்களுக்கும் கூலிக்குப் போகும் எங்கள் தெருவுக்கும் முட்டிக்கொண்டிருந்த காலம். எனக்கு இருபத்து நான்கு வயது. நடவுக்குப் போகும் பெண்களில் நானும் ஒருத்தி.

காலையில் சேற்றில் இறங்கினால் சாயங்காலம்தான் கரையேறுவோம். ஆண்கள் வரப்போரம் திரும்பி நின்றுகொள்வார்கள். எங்களுக்கு அந்த வழி கிடையாது. மிராசுதாரரின் காரியக்காரர் குடையோடு வரப்பிலேயே நிற்பார். ஒருத்தி நிமிர்ந்தாலே அதட்டல் வரும். அதனால் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தோம். மதியச் சோற்றைக்கூட அவர் கண்ணெதிரே வரப்பில் உட்கார்ந்து, நீராகாரத்தை வடித்துவிட்டுத்தான் சாப்பிடுவோம்.

அந்த வருஷக் குறுவை நடவில் எனக்கு மூத்திரம் நெருப்பாக எரிந்தது. சொட்டுச் சொட்டாக வந்து, பிறகு ரத்தமும் கலந்தது. மறுநாள் குளிர்காய்ச்சல். உடம்புச் சூடு என்று மாமியார் வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். கேட்கவில்லை. வீட்டுக்காரர் என்னைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் அழைத்துப் போனார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவம்மா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"காலையில ஒருதரம். ராத்திரி ஒருதரம்ங்க."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மூத்திரப்பை சும்மா தொங்குற பை இல்ல. கிருமி ஒட்டாம இருக்க உள்ளுக்குள்ள வழவழன்னு ஒரு பூச்சு இருக்கு. தப்பிச்சு ஏறுற கிருமிய மூத்திரம் அடிச்சு வெளிய தள்ளிடும். நீ தண்ணியும் குடிக்கல, வர்றதையும் அடக்குற. அது எத வச்சுச் சண்டை போடும், சொல்லு?"

அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. பிற்பாடு நர்ஸ் படிப்பு படித்த என் மகள் இன்னொன்றும் சொன்னாள். கிருமி மூத்திரப்பையின் உள்சுவரில் பிடித்துக்கொண்டால், அந்தச் சுவரின் மேல்தோலே கிருமியோடு சேர்ந்து உரிந்து வெளியேறிவிடுமாம். என் உடம்பு தன்னையே உரித்துப் போட்டுச் சண்டையிட்டிருக்கிறது. நானோ வரப்பில் நின்ற ஒரு குடைக்குப் பயந்திருந்தேன்.

மாத்திரையில் காய்ச்சல் இறங்கியதும் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். தாசில்தார் வைத்திருந்த பேச்சுவார்த்தைக்குக் கோரிக்கைகளை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"பொம்பளைங்க ஒன்னுக்குப் போக நேரம் வேணும்னு எழுதுங்க" என்றேன்.

ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். சங்கச் செயலாளர் மெல்லச் சொன்னார்: "இதெல்லாம் தாசில்தார் முன்னாடி வாசிக்கிற விஷயமாம்மா?"

"வாசிக்க உங்களுக்கு வெக்கமா இருந்தா நான் வாசிக்கிறேன்."

கடைசிவரை அவர்கள் அதை எழுதவில்லை. அங்கேயே இருந்த என் வீட்டுக்காரரும் எனக்காக வாய் திறக்கவில்லை. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவரோடு நான் பேசவில்லை.

குறுவை அறுத்த வயலில் அடுத்து வந்த தாளடி நடவுக்கு ஆளுக்கொரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வயலில் இறங்கினோம். வெயில் ஏறியதும் நான் நாற்று முடியைக் கீழே வைத்தேன். பக்கத்தில் இருந்தவளும் வைத்தாள். பதினெட்டுப் பேரும் வரப்பேறினோம்.

"வேலைய விட்டுட்டு எங்க போறீங்க?" காரியக்காரர் குறுக்கே வந்தார்.

"ஒன்னுக்குப் போறோம்" என்றேன், அடுத்த வயலுக்கும் கேட்கும்படி.

அவர் முகம் வேறு பக்கம் திரும்பியது. "நாளைக்கு வேற ஊரு ஆளுவதான் நடும்" என்றார்.

வாய்க்கால் புதரோரம் இரண்டு பேர் புடவையைத் திரையாகப் பிடிக்க, முறை வைத்துப் போய் வந்தோம்.

சொன்னபடியே மறுநாள் வெளியூர்ப் பெண்களை இறக்கினார். நாங்கள் கரையில் போய் உட்கார்ந்தோம். நான் அவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "உங்களுக்கு எரியலையா?"

கொஞ்ச நேரம் குனிந்தே நட்டார்கள். பிறகு வயதில் மூத்த ஒருத்தி முதலில் வெளியே வந்தாள். மற்றவர்களும் வந்தார்கள். பாதி வயல் அப்படியே கிடந்தது. நாற்று வதங்கிக்கொண்டிருந்தது. உச்சிப்பொழுதில் காரியக்காரரே எங்களிடம் வந்து, "இறங்குங்க, போயிட்டு வர்றவங்கள நான் ஒன்னும் கேக்கல" என்றார்.

எந்த ஒப்பந்தத்திலும் அது எழுதப்படவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு எங்கள் ஊர் வயல்களில் எந்தப் பெண்ணும் அதற்கு அனுமதி கேட்டதில்லை.