டிராமுக்கு ஒரு தட்டு ரோல்ஸ்

எங்கள் பகுதிக்கு டிராம் வரப்போகிறது என்று என் கணவர் வந்து சொன்னபோது நான் அடுப்பில் பாலைப் பொங்கவிட்டுவிட்டு வாயைப் பிளந்து நின்றேன். கிண்டிக் கேட்டால் டிராம் வரவில்லை. டிராம் விடலாமா என்று ஆராய்வதற்கு அரசாங்கம் மானியம் தருமாம். அதை வாங்கினால் சபையும் தன் பங்குக்குக் காசு போடவேண்டுமாம். ஆகவே மானியத்துக்கு விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று எங்கள் நகரசபை வாக்கெடுக்கப் போகிறதாம். பெண்ணே இன்னும் பார்க்கவில்லை, அதற்குள் இந்த மனுஷன் பிள்ளைக்குப் பேர் வைத்துவிட்டார்.

சிரித்தேனே தவிர, மனசுக்குள் நானும் அந்த டிராமில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். காரணம் அவருடைய கண்.

கண்ணில் பிரஷர் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நேரே இருப்பது தெரியும். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இருண்டுகொண்டு வந்தது. கடைசியாகப் போனபோது, இரவில் கார் ஓட்டவே கூடாது, பகலில் ஓட்டுவதும் அடுத்த பரிசோதனை வரைக்கும்தான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி ஸ்டோரில் அவருக்கு வேலை. மாலை ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது எங்கள் பக்கத்துக்குக் கடைசி பஸ்ஸும் போய்விட்டிருக்கும்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெரியாது என்ன, பயம். பழகுநர் லைசன்ஸோடு வாங்கிய எல் போர்ட் டிக்கியில் கிடந்து தூசி பிடித்தது. பழக்குகிறேன் என்று கூட்டிப்போகிற நாளெல்லாம் அவர், "வலப்பக்கம் என்ன வருது? சொல்லும் பாப்பம்" என்று வாத்தியார் மாதிரிக் கேள்வி கேட்பார். நான் ரவுண்டபவுட்டின் நடுவில் பிரேக்கை மிதித்துவிட்டு அழுவேன். பின்னால் நிற்கிறவன் ஹோர்ன் அடிப்பான். போதும் சாமி என்று விட்டுவிட்டேன்.

"டிராம் வருமெண்டா இஞ்சயே இருப்பம். இல்லாட்டி வீட்டை வித்துப்போட்டு பிளாக்டவுன் ஸ்டேஷனடியில ஒரு யூனிட் பாப்பம்" என்றார் அவர்.

வீட்டை விற்பதா! முதியோர் இல்லத்தில் எத்தனை பேரைத் தூக்கி இருத்திக் குளிப்பாட்டி என் இடுப்பு முறிந்தது இந்த வீட்டுக்காகத்தானே. பொரிக்கிறதுக்கென்றே பின்பக்கம் ஒரு குசினி போட்டு வைத்திருந்தேன். அடுக்குமாடி யூனிட்டில் கடுகு வெடித்தாலே புகை அலாரம் கத்தும். அன்றிலிருந்து எனக்கு நித்திரையும் இல்லை, சாப்பாடும் இறங்கவில்லை. நேர்த்திக்கடன்கூட வைத்தேன், டிராமுக்கு!

சபையில் எதிர்ப்பைவிட ஆதரவு ஒரே ஒரு வாக்குத்தான் கூட என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. எங்கள் வட்டாரத்துக் கவுன்சிலர், ஓய்வுபெற்ற வெள்ளைக்கார ஆசிரியர், ஆதரவுப் பக்கம். அவர் மாறிவிடக்கூடாதே என்று இவருக்குப் பதற்றம். இவர் தொலைபேசியில் கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், பேசலாம் என்று கவுன்சிலர் சொன்னாராம்.

"என்னத்தைக் கொண்டு போறது?" என்றார் என்னிடம்.

"கதைக்கத்தானே போறம்?"

"வெறுங்கையோட ஒருத்தற்ற வீட்டு வாசல மிதிக்கிறதோ? என்னப்பா நீர்!"

அதுவும் சரிதான் என்று எனக்கும் பட்டது. பெரிய தட்டு நிறைய மட்டன் ரோல்ஸ் பொரித்து, மேலே அலுமினியத் தாள் மூடி, மடியில் வைத்துக்கொண்டு போனேன். மனிதர் கதவடியிலேயே ஒன்றை எடுத்துக் கடித்தார். உறைப்பில் மூக்கு சிவந்துபோய், "அருமை, அருமை" என்றார். டிராமைப் பற்றி ஆசையாகப் பேசினார். என் கணவர் தன் கண்ணைப் பற்றிச் சொன்னபோது சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். திரும்பி வரும்போது எங்கள் இருவருக்கும் ஒரே சந்தோஷம். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கவேண்டும் அல்லவா?

வாக்கெடுக்கிற சபைக் கூட்டத்துக்கு வெளிச்சத்தோடு காரில் போய், வெளிச்சத்தோடு திரும்புவது என்பதுதான் திட்டம். கவுன்சிலர்களோ பூங்காவில் நாய்களுக்கு வேலி போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். பிறகு நூலகம், பிறகு யாருடையதோ மதில். ஜன்னல் கண்ணாடி மங்கிக்கொண்டு வந்தது. நான் மேடையைப் பார்க்கிறேன், ஜன்னலைப் பார்க்கிறேன், கைப்பையின் வாரை முறுக்குகிறேன். டிராம் விஷயத்தை எடுத்தபோது வெளியே நன்றாக இருட்டிவிட்டது.

மேசையின் வலப்பக்கக் கோடியிலிருந்து எங்கள் கவுன்சிலர் எழுந்தார். இந்த ஆய்வை விரும்பும் குடியிருப்பாளர்கள் என் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள், நானும் உண்டேன், நாளைக்கு ஒருவர் விரல் நீட்டக்கூடாது, ஆகவே இதில் வாக்களிக்கமாட்டேன் என்றார். கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே நடந்தார்.

என் கணவர் நேரே மேயரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆரப்பா அது? ஆர் எழும்பிப் போறது?"

"எங்கட ஆள்தான்."

"எங்கட ஆளோ? என்ன சாப்பாடு?"

"எங்கட ரோல்ஸைத்தான் சொல்லுறார்."

அவர் என் கையைப் பிடித்தார். வாக்கெடுத்தார்கள், இரண்டு பக்கமும் சரிசமமாக நின்றது. சமநிலை வந்தால் மேயருக்கு இன்னொரு வாக்கு உண்டாம், அதை அவர் எதிராகப் போட்டார். அவ்வளவுதான். அடுத்ததாகக் குப்பைத் தொட்டிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் கவுன்சிலர் காத்து நின்றார். என் தட்டைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். மன்னித்துக்கொள்ளுங்கள், வேறு மாதிரிச் செய்ய எனக்கு வராது என்றார். இருட்டிவிட்டது, வீட்டில் இறக்கிவிடட்டுமா என்றும் கேட்டார்.

"வேண்டாம், இனி அதுக்கும் எங்கயாவது எழும்பிப் போகவேண்டி வரும்" என்று நான் தமிழில் சீறினேன். கணவர் அதை ஆங்கிலத்தில் "நன்றி, வேண்டாம்" என்று சொன்னார். எனக்கு ஆத்திரமென்றால் ஆத்திரம். உப்பைத் தின்றவன் எங்கள் ஊரில் இரண்டு கையையும் தூக்கியிருப்பான். இந்த மனுஷன் தின்றதற்காகவே தூக்காமல் போனார். அவர் முகத்தைப் பார்த்தால் திட்டவும் மனம் வரவில்லை.

அவர் போனபின் நாங்கள் காருக்குப் பக்கத்தில் நின்றோம். கணவர் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார், கதவைத் திறக்கவில்லை.

"தாங்கோ" என்றேன்.

"உமக்குப் பயமெல்லோ?"

"பயம்தான். தாங்கோ."

டிக்கியிலிருந்து எல் போர்டை எடுத்து முன்னும் பின்னும் ஒட்டினேன். சீட்டை முன்னுக்கு இழுத்தேன். ஊர்ந்து ஊர்ந்து பெருந்தெரு முனைக்கு வந்து, இடப்பக்கம் திரும்புவதற்காக நிறுத்தினேன்.

"வலப்பக்கம் என்ன வருது?" என்றார்.

"சோதினை வைக்கிறதுக்கு உங்களுக்கு வேற நேரம் கிடைக்கேல்லையோ?" என்று பாய்ந்தேன்.

அவர் மெதுவாகச் சொன்னார்: "சோதினை இல்லையப்பா. எனக்குத் தெரியேல்லை."

நான் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். "ஒரு லொறி வருது. போகட்டும்."

"சரி. இப்ப?"

"இப்ப ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.