கேபிள்காரர் பார்க்காத ஜன்னல்

இந்த ஜெர்மானியச் சிற்றூருக்கு நான் வந்த புதிதில் ஒரு நாள், எதிர்வீட்டு அம்மாள் ஃப்ராவ் கெல்னர் பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தார். அப்படி ஒருவரைப் பார்த்தால் மதுரைக்காரி வாயில் என்ன வரும்? "எங்கே கிளம்பிவிட்டீர்கள்?" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் கேட்டேன். அவர் நின்ற படியிலேயே நின்றார். "வாரும்?" என்றார். நம் காதுக்கு அது ஏதோ விருந்துக்கு அழைப்பது போலக் கேட்கும். 'ஏன் கேட்கிறாய்' என்பதுதான் அதன் பொருள். சும்மாதான் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். 'சும்மா' என்பதற்கு எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல் இல்லை. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று நான் தடுமாறியது அவருடைய சந்தேகத்தை உறுதி செய்திருக்க வேண்டும். மறுநாள் குடியிருப்பின் காப்பாளர் வந்து, மற்றவர்களின் வீடு எப்போது காலியாக இருக்கும் என்று விசாரிப்பது இங்கே வழக்கமில்லை என்று மிக மென்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். என்னைத் திருடி என்று நினைத்துவிட்டு, அதை இவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்களே என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அன்றிலிருந்து பல வருடங்கள் இவர்களை நான் இளக்காரமாகத்தான் பார்த்தேன். மடிக்கணினியின் கேமரா மீது ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். நான் பல் கட்டும் லேபில் வேலை செய்கிறேன். மெழுகில் அச்செடுத்து, யாரோ ஒருவருக்குக் கடைவாய்ப் பல் செய்து கொடுப்பேன். அந்தப் பல் யாருடைய வாய்க்குப் போகிறது என்று எனக்குச் சொல்லமாட்டார்கள், எண் மட்டும்தான் வரும். ஒரு மனிதரின் வாய்க்குள் இருப்பதெல்லாம் எனக்குத் தெரியும், அவர் பெயர் தெரியக் கூடாதாம். ஊர் நூலகத்தில் சனிக்கிழமைகளில் இலவச வகுப்பு ஒன்று நடக்கும். இணையத்தில் அடையாளம் தெரியாமல் உலாவும் பிரவுசரைக் கணினியில் எப்படிப் போடுவது, எப்படி அமைப்பது என்று அங்கே சொல்லித் தருவார்கள். மொழி பழகலாம், காப்பியும் கிடைக்கும் என்று நான் போனேன். ஓய்வு பெற்ற கிழவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தன் ரோஜாச் செடிக்கு என்ன உரம் தேடினார் என்பது அரசாங்கத்துக்குத் தெரிந்துவிடுமோ என்ற கவலை ஒருவருக்கு. எங்கள் ஊரில் நான் பெரியவளானதைப் பந்தல் போட்டு, மைக் கட்டி, தெருவுக்கே சாப்பாடு போட்டு அறிவித்தார்கள். இந்த மனிதருக்கு உரம் ரகசியம். வகுப்பு முடிகிற வரை உள்ளுக்குள் எகத்தாளமாகச் சிரித்துக்கொண்டேதான் அத்தனையையும் கற்றுக்கொண்டேன்.

சிரிப்பு நின்றது என் தங்கை ரேவதியின் தொலைபேசி அழைப்பால். ரேவதி மதுரையில் வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறாள். தனியார் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. கணவர் சிறுநீரகக் கோளாறில் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. வீட்டின் மேல்மாடியில் அவள், கீழே மாமியாரும் கொழுந்தன் செந்திலின் குடும்பமும். செந்தில் அந்தப் பகுதிக்குக் கேபிள்காரர். முன்பு டிவிக்கு மட்டும் கேபிள் கொடுத்தவர், இப்போது தெருத்தெருவாக இன்டர்நெட் இணைப்பும் கொடுக்கிறார். கொசுறாக ஒரு உள்ளூர் சேனலும் நடத்துகிறார். கோயில் திருவிழா, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதில் ஓடும்.

கணவரின் திதியன்று உறவெல்லாம் கூடி இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, செந்தில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டாராம்: "என்ன மதினி, மறுமணத்துக்கு வரன் பாக்குற சைட்டெல்லாம் பாக்குறீகளாம்ல?"

மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். தெரியாமல் கை பட்டுத் திறந்துவிட்டது என்று ரேவதி சொல்லியிருக்கிறாள். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒரு முறைக்கு மேல் குரல் உயர்த்தத் தேவைப்படாதவள் அவள். அவள் குரல் அன்று போனில் தண்ணீரில் நனைந்த தாள் மாதிரி இருந்தது. "நான் இன்னும் யாருகிட்டயும் பேசக்கூட இல்லக்கா. பாக்கலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டுதான் இருந்தேன். அதுக்குள்ள பால்காரருக்கே தெரிஞ்சிருச்சு."

விடுப்பு கிடைத்ததும் மதுரைக்குப் போனேன். கீழே முன்னறையில் செந்தில் எனக்குத் தன் சாம்ராஜ்யத்தைச் சுற்றிக் காட்டினார். அலமாரி நிறைய விளக்கு மினுக்கும் பெட்டிகள், சிலந்தி வலை மாதிரி ஒயர்கள், ஒரு சாமி படம், அதற்கு ஊதுவத்தி. சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இம்புட்டுப் பெட்டிக்குள்ளதான்க்கா இந்த ஏரியாவே இருக்கு. எந்த வீட்டுல எந்த சைட்டுக்குப் போறாய்ங்கன்னு இங்க இருந்தே சொல்லிருவேன்," என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தை நான் மறக்கவில்லை. விண்கலம் ஏவியவர்கள்கூட அவ்வளவு பெருமையாகச் சிரித்திருக்க மாட்டார்கள்.

"அது தப்பில்லையா தம்பி?" என்றேன்.

"என்னக்கா தப்பு? எல்லாம் நம்ம சனம். ஒரு பாதுகாப்புதான். பொம்பளைப் பிள்ளைக கெட்டுப் போயிரக் கூடாதுல்ல."

அவர் பாதுகாத்த பெண்பிள்ளைக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அவர் பாதுகாப்பின் லட்சணம் டீக்கடை வரைக்கும் பரவியிருந்தது. அங்கே நான் போய் நின்றபோது ஒருவர், "தங்கச்சிக்கு ஏதோ பேச்சு ஓடுதாமே, நல்ல விசயந்தானே" என்று பல்லை இளித்தார். நல்ல விஷயம் என்று நினைக்கிறவர் அப்படி இளிக்க மாட்டார். 'எங்கே கிளம்பிவிட்டீர்கள்' என்று கேட்பதை அன்பு என்று இத்தனை காலம் வெளிநாட்டில் பீற்றிக்கொண்டிருந்த நான், அந்தப் பல்லைப் பார்த்ததும் டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டு வந்தேன்.

ரேவதியிடம் நூலக வகுப்பைப் பற்றிச் சொன்னேன். அவள் தயங்கினாள். "அதெல்லாம் களவாணிப் பயலுக பயன்படுத்துறதுன்னு சொல்வாங்களே. நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"கதவைச் சாத்திக்கிட்டுக் குளிக்கிறவங்கெல்லாம் களவாணியாடி?"

போனிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்று எனக்கும் தோன்றியது. அந்தப் போன் செந்தில் வாங்கிக் கொடுத்தது, சிம் அவர் பெயரில் இருந்தது. புது சிம் வாங்கித் தருகிறேன் என்றேன். மாடி அறையில் சிக்னல் வராது, மொட்டைமாடியில்தான் வரும் என்றாள். பிறகு சொன்னாள்: "தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு பாக்க மாட்டேன்க்கா. என் ரூம்புல, என் சேர்ல உக்காந்து பாக்கணும்."

செந்தில் ஒயர் வாங்க டவுன்ஹால் ரோட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு மதியம், அவள் கணவர் வாங்கி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தோம். வகுப்பில் சொன்ன முதல் பாடம், புதிதாக எதையும் போடுவதற்கு முன் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார். பார்த்தேன். தூரத்தில் இருந்தபடியே இந்தத் திரையைப் பார்க்கவும் இயக்கவும் உதவும் ஒரு மென்பொருள் ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் கடைக்காரர்கள் பழுது பார்க்கப் பயன்படுத்துவது. சென்ற வருடம் வேகம் குறைந்துவிட்டது என்று ரேவதி சொன்னபோது செந்தில் சரிசெய்து கொடுத்திருக்கிறார், அன்று போட்டது. ஆக அவர் பார்த்தது எந்தத் தளத்துக்குப் போனாள் என்பதை மட்டும் இல்லை. யாருடைய புகைப்படத்தில் நின்றாள், எவ்வளவு நேரம் நின்றாள், என்ன எழுதி எழுதி அழித்தாள் என்பதையும் கீழே அந்தச் சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி பார்த்திருக்க முடியும்.

ரேவதியிடம் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து, "வினாத்தாளெல்லாம் இதுலதான் அடிச்சேன்," என்றாள். துண்டை மடித்துப் போட்டுவிட்டு, "அவரு நெனப்பு வந்தா இதுலதான் எழுதி வைப்பேன்," என்றாள்.

படங்களையும் அவள் எழுதியவற்றையும் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரை முழுவதுமாக அழித்துப் புதிதாக ஏற்றினேன். புதுக் கடவுச்சொல்லை அவளையே போடச் சொல்லி நான் திரும்பி நின்றேன். செந்திலின் லைனில் அந்த பிரவுசரை இறக்கினால் அதுவே அவருக்குத் தந்தி அடித்த மாதிரி. அதனால் என் போனில், மொட்டைமாடியில் நின்று, அதைத் தயாரிப்பவர்களின் தளத்திலிருந்தே இறக்கி, போலி இல்லை என்று சரிபார்த்து, பென்டிரைவில் கொண்டுவந்தேன். நிறுவுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. அமைப்பதில்தான் கவனம் வேண்டும். நாம் கேட்பதை அது வெங்காயத் தோல் மாதிரி மேலே மேலே சுற்றி, உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் கம்ப்யூட்டர்கள் வழியாக அனுப்பும். லைன்காரருக்கு எந்தத் தளம் என்று தெரியாது. ஆனால் இந்த மாதிரி பிரவுசர் ஓடுகிறது என்பதை அவர் கண்டுகொள்ளலாம். அதையும் மறைக்க 'பிரிட்ஜ்' என்று ஒரு வசதி இருக்கிறது, அதை இயக்கி வைத்தேன். பிரவுசர் ஜன்னலை முழுத்திரைக்குப் பெரிதாக்காதே, கூடுதலாக எதையும் அதில் சேர்க்காதே, அவை உன்னை அடையாளம் காட்டிவிடும் என்று சொல்லிக் கொடுத்தேன். முக்கியமானதைக் கடைசியில் சொன்னேன்: "உன் பேரைக் குடுத்து உள்ள போனா, அந்த சைட்டுக்காரனுக்கு நீ யாருன்னு தெரியும். இது கீழ் வீட்டுக்கு மட்டுந்தான் திரை."

"எனக்கு அது போதும்," என்றாள்.

வரன் பார்க்கும் பக்கம் திறக்க ஒரு யுகம் ஆனது. பதிவு செய்யும் இடத்தில் தொலைபேசி எண்ணுக்கு முன்னால் தானாகவே நெதர்லாந்து என்று வந்து நின்றது; நாங்கள் அங்கிருந்து வருகிறோம் என்று அந்தத் தளம் நினைத்துவிட்டது. ரேவதி அதைப் பார்த்துச் சிரித்தாள். நான் வந்ததிலிருந்து முதல்முறை. "பாஸ்போர்ட்டே எடுக்கலையேக்கா, எம்புட்டுத் தூரம் வந்துட்டேன்!" என்றாள்.

சில நாட்கள் கழித்து, நானும் ரேவதியும் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்த மாலையில், செந்தில் மாடியேறி வந்தார். முகத்தில் சேவை செய்ய வந்தவரின் கனிவு. "மதினி, உங்க லைன்ல என்னமோ கோளாறு. சிஸ்டத்தைக் குடுங்க, கீழ கொண்டுபோயிப் பாத்துத் தாரேன்."

பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். ஜெர்மனியிலிருந்து அதற்காகவே ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனங்கள் என்னிடம் நிறைய இருந்தன. ரேவதி என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"கோளாறு ஒண்ணும் இல்ல தம்பி. நீங்க உள்ள வச்ச சாமானைத்தான் எடுத்துட்டோம்."

செந்திலின் கனிவு கழன்றது. "என்ன மதினி, ஏதோ நான் வேவு பாத்த மாதிரிப் பேசுறீக?"

"பாத்தீங்க. நான் வரன்தான் பாக்குறேன். இன்னியும் பாப்பேன். முடிவானா மொத ஆளா உங்கம்மாகிட்டதான் சொல்லுவேன். அது வரைக்கும் எட்டிப் பாக்க வேணாம். மறுபடி பாத்தீங்கன்னா, இந்தத் தெருவுல எந்தெந்த வீட்டுல என்னென்ன பாத்தீங்கன்னு வீடு வீடா நானே போயிக் கேப்பேன்."

அவ்வளவுதான். தெருவையே உள்ளங்கையில் வைத்திருந்த மனிதர், ஈரத் தரையில் நடக்கிற மாதிரி படியைப் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனார். நான் அவளுக்கு ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொடுத்ததாக நினைத்திருந்தேன். என் அகங்காரம். அவளுக்குத் தேவைப்பட்டது யோசிப்பதற்குக் கொஞ்சம் நேரம். அதைத்தான் செந்தில் திருடியிருந்தார். மறுநாளே என்னோடு வந்து தன் பெயரில் ஒரு சிம் வாங்கிக்கொண்டாள்.

நான் திரும்பி வந்த பிறகு, அவள் யார் யாரிடமோ பேசி, பலரை ஒதுக்கி, கடைசியில் வாடிப்பட்டிக்காரர் ராஜாராமிடம் வந்து நின்றாள். மனைவியை இழந்தவர், கால்நடை மருத்துவமனையில் வேலை பார்ப்பவர். முதல் சந்திப்பில் அவர் பேசியதில் பாதி, சினைமாட்டுக்கு வரும் கழிச்சலைப் பற்றியதாம். "எதையும் விசாரிக்கலக்கா. நான் சொன்னதைக் கேட்டுக்கிட்டாரு," என்றாள். சொன்னபடியே மாமியாரிடம் முதலில் சொன்னாள். அந்த அம்மாள் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு மூத்த மகனின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு, "நல்லாரு," என்றார். பதிவு அலுவலகத்தில் திருமணம். எனக்கு விடுப்பு மிச்சம் இல்லை.

கல்யாணத்தன்று இரவுச் சாப்பாட்டு வேளைக்கு வண்டியூரில் எல்லா வீட்டு டிவியிலும் செந்திலின் சேனலில் அந்தத் திருமண வீடியோ ஓடியது. கீழே 'இவ்விழாவைச் சிறப்புற நடத்தியவர்' என்று செந்திலின் பெயர், கைகூப்பிய படத்தோடு. யாரோ டிவியைப் போனில் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார்கள். வேவு பார்த்தவன் இப்போது விழா நடத்தியவன். உடனே ரேவதியை அழைத்தேன்.

"வீடியோவை நான்தான்க்கா குடுத்து ஓட்டச் சொன்னேன்," என்றாள். பின்னால் பாத்திரச் சத்தம், யாரோ ஆண் குரலில் சிரிப்பு. "எல்லாரும் பாத்துக்கட்டும். அவரு பேரைப் போட்டுக்கிட்டது அவரோட ஆசை. போட்டுட்டுப் போறாரு, விடு."

போனை வைத்துவிட்டு அந்தத் துண்டுப் படத்தை மறுபடி பார்த்தேன். கடைசியில் வாழ்த்துவோர் வரிசை. தோளில் மல்லிகைச் சரம் தொங்க, நான் கல்லூரியில் எடுத்த பழைய படம் ஒன்றைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். அதன் கீழே பெரிய எழுத்தில்: 'சுமதி அக்கா, ஜெர்மனி'. என் பெயரோடு மதுரை என்ற சொல் எங்கும் இல்லை. வெளியே லேசாகப் பனி விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடி ஜன்னலில் என் முகமும் கையிலிருந்த திரையின் வெளிச்சமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. அங்கே, வண்டியூர் வீடுகளில் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருக்கும் அத்தனை பேர் முன்னாலும், அந்த ஜெர்மனிக்காரி மல்லிகை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.