மரியாதைக்கு அஞ்சு

சுயம்புலிங்கம் பேன்ட் போட ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் பெரிய மனிதர் யாராவது எதிரே வந்தால், மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து விடுவதற்காக அவர் கை தானாக இடுப்புக்குப் போகும். அங்கே வேட்டி இல்லை என்று தெரிந்ததும், பெல்ட்டைத் தடவிவிட்டு மேலே ஏறி வாயைப் பொத்திக்கொள்ளும். இராஜபாளையத்து ஸ்பின்னிங் மில் ஒன்றில் அவர் ஆபீஸ் சூப்பர்வைசர். அவர் வாயை முழுசாகப் பார்த்தவர்கள் அவர் மனைவி சுந்தரம்மாளும் பல் டாக்டரும் மட்டும்தான் என்று மில்லில் ஒரு பேச்சு உண்டு.

தினமும் காலையில் முதலாளி அறை வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போவார். முதுகை எவ்வளவு வளைக்க முடியுமோ அவ்வளவு வளைத்து, "எல்லாம் நல்லாத்தான் போவுது மொதலாளி" என்பார். மூன்று மெஷின் நின்றுபோயிருந்தால், "ஒண்ணு மட்டும் செத்த நேரம் நிக்குது" என்பார். நூல் அறுந்து அறுந்து தொழிலாளிகள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தால், "அங்கங்க லேசா அறுக்குது" என்பார். முதலாளி காதில் கெட்ட செய்தியைப் போடுவது அவரைக் கைநீட்டி அடிப்பதற்குச் சமம் என்பது சுயம்புலிங்கத்தின் கொள்கை. சொல்லி முடித்ததும் முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வருவார். கதவுக் கைப்பிடி இடித்து இடித்து முதுகில் ஒரு இடம் காய்த்தே போயிருந்தது.

முதலாளி கௌதம்ராஜுக்கு இன்னும் நாற்பது வயது ஆகவில்லை. அப்பாவுக்குக் கொடுத்த மரியாதையில் ஒரு இழைகூட அறுந்துவிடாமல் மகனுக்கும் கொடுத்துவந்தார் சுயம்புலிங்கம். அதற்கு இப்போது ஒரு காரணமும் சேர்ந்திருந்தது. மில்லின் பழைய மேனேஜர் ஓய்வு பெற்றுப் போய், அவருடைய நாற்காலி காலியாகக் கிடந்தது. சுழலும் நாற்காலி. ஆபீஸில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் சுயம்புலிங்கம் அதைத் தொட்டு லேசாகச் சுற்றிவிட்டுப் பார்த்தார். அதில் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் தன் முன்னால் வாயைப் பொத்துவார்கள் என்று நினைத்தபோது அவருக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த வயதில் அந்த மனிதர் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

அந்தச் சமயத்தில்தான் கௌதம்ராஜுக்கு கோல்ஃப் பிடித்தது.

கோயம்புத்தூரில் யாரோ சொல்லியிருந்தார்கள், பெரிய வியாபாரமெல்லாம் புல்தரையில் நடந்துகொண்டேதான் முடிகிறது என்று. உடனே மம்சாபுரம் போகிற ரோட்டில் இருந்த மாந்தோப்பை வெட்டி, கிடா முட்டுவது போல நின்ற கரட்டுப் பாறைகளை உடைத்து, புல் போட்டார். முழு மைதானத்துக்குப் பதினெட்டுக் குழி வேண்டுமாம். மொத்தத் தோப்பையும் வெட்டியும் மூன்று குழிக்குத்தான் இடம் வந்தது. பக்கத்துக் கரும்புக்காரர்கள் தண்ணீருக்கு முறை வைத்துக் காத்துக் கிடந்தபோது இந்தப் புல்லுக்கு மட்டும் இரண்டு போர்வெல் ஓடியது. மாடு மேயாத புல்லுக்கு எதற்கு இவ்வளவு தண்ணீர் என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் முதலாளியிடம் போய் அதைச் சொல்லவேண்டிய ஆள் சுயம்புலிங்கம். அவர், "ஊர்ல எல்லாரும் புல்லப் பத்தித்தான் பேசுதாக மொதலாளி" என்று மட்டும் சொன்னார்.

"கோல்ஃப்னா வெறும் வெளையாட்டு இல்ல சுயம்பு. முழுக்க மேனர்ஸ்" என்றார் கௌதம்ராஜ். "அதைப் படிச்சு வச்சுக்கோங்க. என்கூட நீங்கதான் வரணும்."

சுயம்புலிங்கம் போனில் வீடியோ போட்டுப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குக் கண் கலங்கியது. ஒருவர் அடிக்கப் போகும்போது மற்றவர்கள் மூச்சுக் காட்டாமல் நிற்க வேண்டும். அவர் பந்து போகும் பாதையில் நம் நிழல்கூட விழக்கூடாது. மணல் பள்ளத்தில் கால் வைத்தால் தடத்தைக் கலைத்து மட்டம் செய்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கை கொடுக்க வேண்டும். இப்படியும் ஒரு விளையாட்டை வெள்ளைக்காரன் கண்டுபிடித்திருக்கிறானே, இத்தனை நாள் இதை விட்டுவிட்டுக் கபடி ஆடிக்கொண்டிருந்தோமே என்று அவருக்கு ஆதங்கமாகப் போய்விட்டது.

எல்லாவற்றையும்விட அவரைக் கவர்ந்தது 'ஹானர்' என்ற ஒரு வார்த்தை. ஒரு குழியைக் குறைந்த அடியில் முடித்தவருக்கு அடுத்த குழியில் முதலில் அடிக்கும் உரிமை. அதற்குப் பெயர் ஹானர். அகராதியில் தேடினார். மரியாதை என்று போட்டிருந்தது. அப்படியானால் இது முதல் மரியாதை! கோயில் கொடை விழாவில் பரிவட்டம் யாருக்கு முதலில் என்று மண்டை உடைந்த ஊர்களை அவருக்குத் தெரியும். முதலாளியின் சொந்த நிலத்தில், முதலாளியின் சொந்தப் புல்லில் முதல் மரியாதை இன்னொருவருக்குப் போவதா? அதற்கு முதலாளியின் அடி குறைவாக இருக்க வேண்டும். அடியை எண்ணுகிறவர் யார்? சுயம்புலிங்கம்தானே.

அன்று முதல் கௌதம்ராஜ் எந்தக் குழியிலும் ஐந்து அடிக்கு மேல் அடித்ததில்லை.

மனசாட்சிக்கும் ஒரு வழி வைத்திருந்தார். பந்து ஆள் மேல் போவதாக இருந்தால் எச்சரிக்கையாக 'ஃபோர்' என்று கத்த வேண்டும் என்பது அந்த விளையாட்டு வழக்கம். கௌதம்ராஜின் பந்து பெரும்பாலும் ஆள் மேல்தான் போகும். ஏழாவது அடியில் அவர் 'ஃபோர்' என்று கத்தினாலும், முதலாளியே நான்கு என்று சொல்லிவிட்டார், அதை மறுக்க நாம் யார் என்று எடுத்துக்கொள்வார். பிறகு ஒரே அடிதான். "அஞ்சு மொதலாளி!" கௌதம்ராஜும் தனக்குக் கை வந்துவிட்டது என்று நம்பி, வெளிநாட்டிலிருந்து விலை கூடிய மட்டைகளை வரவழைத்தார்.

இந்த நிலைமையில்தான் பெலிக்ஸ் வந்தார். தூத்துக்குடிக்காரர். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறவர். அவர் கொடுக்கும் நூல் ஆர்டர் கிடைத்தால் மில் இரண்டு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். "இது மட்டும் நல்லபடியா முடியட்டும் சுயம்பு. அந்த நாற்காலி விஷயத்தை முடிச்சுரலாம்" என்றார் கௌதம்ராஜ்.

அந்த ஞாயிறு சுயம்புலிங்கம் விடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் பால்கோவா வாங்கிக்கொண்டு, சுந்தரம்மாள் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையில் மைதானத்தில் நின்றார்.

முதல் குழி. கௌதம்ராஜ் ஓங்கி அடித்தார். புல் பறந்தது, பந்து அங்கேயே இருந்தது. அப்புறம் கரும்புக்குள் போனது, பாறையில் பட்டுத் திரும்பி வந்தது, ஒருவழியாகக் குழியில் விழுந்தது. ஒன்பது அடி. பெலிக்ஸ் ஆறில் முடித்திருந்தார்.

"மொதலாளிக்கு அஞ்சு" என்று அறிவித்தார் சுயம்புலிங்கம். "ஹானர் மொதலாளிக்குத்தான்."

பெலிக்ஸ் அவரை ஒரு தடவை பார்த்தார்.

இரண்டாவது குழியில் பெலிக்ஸ் தானாகவே ஒன்று சொன்னார். "எனக்கு அஞ்சு இல்ல, ஆறுன்னு வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. மரத்தடியில பந்து மேல என் மட்டை பட்டு நகந்துட்டு. நீங்க யாரும் பாக்கல."

சுயம்புலிங்கத்துக்கு இது விளங்கவே இல்லை. யாரும் பார்க்காததை எதற்குச் சொல்ல வேண்டும்? பாவம், கூச்சப்படுகிறார் போல என்று நினைத்து, விருந்தாளியையும் விட்டுவிடக் கூடாது என்று அருகில் போய், "அவியளுக்கு அஞ்சு போட்டாச்சு. நீங்க வருத்தப்படாதிய, உங்களுக்கும் ஒண்ணு கொறச்சுக்கிடுதேன்" என்றார் ரகசியமாக. அந்தக் குழியில் 'அவிய', அதாவது முதலாளி, அடித்தது எட்டு.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றார் பெலிக்ஸ், சிரிப்பை அடக்கிக்கொண்டு. காரியம் நல்லபடியாகப் போகிறது என்ற திருப்தியில் சுயம்புலிங்கம் பின்பக்கமாகவே நடந்து விலகினார். நாலு எட்டு வைத்ததும் மணல் பள்ளத்துக்குள் மல்லாக்க விழுந்தார். விழுந்தவர் எழுந்ததும் முதல் வேலையாகத் தன் முதுகுத் தடத்தைக் கலைத்து மட்டம் செய்தார். மரியாதையில் குறை வைக்கவில்லை.

மூன்றாவது குழி முடிந்தது. பெலிக்ஸ் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"கௌதம், போன தடவை சாம்பிளுக்கு நீங்க நாப்பது கவுண்ட்டுன்னு அனுப்புன நூலு, எங்க மிசின்ல போட்டா முப்பத்தஞ்சு காட்டுச்சு" என்றார்.

நூலின் சன்னத்துக்கும் கவுண்ட் என்றுதான் பெயர்; எண் குறைந்தால் நூல் தடிமன். கௌதம்ராஜின் முகம் மாறியது. "என்கிட்ட நாப்பதுன்னுதானே சொன்னாங்க?"

"அதான் சந்தேகம். நூல் வாங்குற எடத்துல நான் ஒரு ஆட்டம் ஆடிப் பாப்பேன். தன் அடியத் தானே ஒழுங்கா எண்ணுறவன் நூலையும் ஒழுங்கா எண்ணுவான்னு ஒரு கணக்கு. இந்தக் குழியில உங்களுக்கு எத்தனை?"

கௌதம்ராஜ் நிம்மதியாகச் சிரித்தார். தான் ஐந்தே அடியில் முடிக்கிறவர் என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார். "சுயம்புவைக் கேளுங்க. சொல்லுங்க சுயம்பு, உள்ளதைச் சொல்லுங்க."

சுயம்புலிங்கம் கணக்குப் போட்டார். ஐந்து என்றால் ஆர்டர் போய்விடும். இல்லை என்றால் நாற்காலி போய்விடும். உள்ளதைச் சொல் என்று முதலாளியே உத்தரவு போட்டுவிட்டார், முதலாளி உத்தரவை அவர் ஒருநாளும் தட்டியதில்லை. கை இடுப்புக்குப் போய், பெல்ட்டைத் தடவி, வாயைப் பொத்தியது. விரலிடுக்கு வழியாக வந்தது:

"ஒம்பது."

"போன குழி?" என்றார் கௌதம்ராஜ்.

"எட்டு மொதலாளி."

"அதுக்கு முன்னாடி?"

"அதுவும் ஒம்பதுதான் மொதலாளி. மரியாதைக்கு அஞ்சுன்னு..."

கௌதம்ராஜுக்குக் கோபம் வந்தால் வீட்டுத் தெலுங்கு வரும். வந்தது. பெலிக்ஸோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் தொப்பியைக் கழற்றி, சுயம்புலிங்கத்திடம் கையை நீட்டினார். "நீங்க இப்ப சொன்னீங்க பாருங்க அண்ணாச்சி, அதுக்கு. இனி கவுண்ட் எத்தனைன்னு உங்ககிட்டயே கேட்டுக்கிடுதேன்." விருந்தாளி தொப்பியைக் கழற்றினால் வீட்டுக்காரரும் கழற்ற வேண்டும் என்பது விதி. கௌதம்ராஜும் பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினார். சுயம்புலிங்கம் இரண்டு தொப்பிகளையும் பார்த்துக் கும்பிட்டார்.

மத்தியானம் வீட்டில் சுந்தரம்மாள் சட்டையில் இருந்த மணலை உதறிக்கொண்டே கேட்டாள். "மேனேஜர் ஆயாச்சா?"

"மொதலாளி எனக்குத் தொப்பியக் கழத்துனாக தெரியுமா?"

"அந்தத் தொப்பியில உலை வைக்கவா? ஆயாச்சா இல்லையா, அதச் சொல்லுங்க."

மறுநாள் காலை வழக்கம்போல் செருப்பைக் கழற்றிவிட்டு முதலாளி அறைக்குள் போனார். கௌதம்ராஜ் கோபமாக இல்லை. தூக்கம் இல்லாத கண்களோடு உட்கார்ந்திருந்தார்.

"பெலிக்ஸ் ஆர்டர் கொடுத்துட்டார். உங்களையே மேனேஜராப் போடச் சொல்றார்" என்றார். "எனக்கும் சரின்னுதான் படுது. ராத்திரி பூரா ஒண்ணுதான் யோசிச்சேன் சுயம்பு. நான் அஞ்சுன்னு நெனச்சதெல்லாம் ஒம்பதுன்னா, இந்த மில்லுல வேற என்னவெல்லாம் ஒம்பது? இன்னைக்கு எத்தனை மெஷின் நிக்குது? நூல் நெசமா எத்தனை கவுண்ட் ஓடுது? சொல்லுங்க. அந்த நாற்காலியில போய் உக்காருங்க."

அவ்வளவுதான் கேட்டார். நாற்காலி அடுத்த அறையில், திறந்த கதவு வழியாகத் தெரிந்தது. அன்று நான்கு மெஷின் நின்றிருந்தது. நூல் முப்பத்தாறைத் தாண்டவில்லை. இரண்டும் சுயம்புலிங்கத்துக்கு மனப்பாடம். அவர் கை வாய்க்குப் போனது.

"கையை எடுத்துட்டுச் சொல்லுங்க" என்றார் கௌதம்ராஜ்.

கையை எடுத்தார். வாய் திறந்தது. இத்தனை வருஷமாக அந்த வாய்க்குள் குடியிருந்தது எதுவோ, அதுதான் வெளியே வந்தது.

"எல்லாம் நல்லாத்தான் போவுது மொதலாளி."

அடுத்த வாரம் மதுரையிலிருந்து ஒரு புது மேனேஜர் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் அறை வாசலில் முதல் ஆளாகச் செருப்பைக் கழற்றியவர் சுயம்புலிங்கம்.