விரல் குத்துகிறவள்

விரல் நுனியில் ரத்தம் எடுக்கத் தேவையானவை: ஸ்பிரிட், பஞ்சு, ஊசி, கண்ணாடித் தகடுகள். ஐந்தாவதாக ஒரு முகம். முதல் நான்கையும் மதுரையில் பயிற்சியின்போது சொல்லிக்கொடுத்தார்கள். ஐந்தாவதை, தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தபின் நானே செய்துகொண்டேன். சோதனை முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், லேப் ஆட்கள் வாய் திறக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். வாயை மூடிக்கொண்டால் தாய்மார்கள் முகத்தைப் படிக்கிறார்கள். அதனால் நல்ல ரத்தத்துக்கும் கெட்ட ரத்தத்துக்கும் ஒரே முகம் வைத்துக்கொண்டேன்.

குழந்தைகள் வார்டில் எனக்கு ஊசிக்காரி என்று பெயர். சோறு உண்ண மறுக்கும் பிள்ளையிடம், "அந்தா ஊசிக்காரி வாரா" என்பார்கள். பிள்ளை உடனே வாயைத் திறக்கும். நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாள், ரத்தம் தொடுகிறவள் என்று எனக்குத் தனி டம்ளர் வைத்திருந்தாள். பேசுவதற்கென்று இருந்தவர் ஒரு நர்சம்மாதான். மிகவும் மோசமாகிவிட்ட பிள்ளைகளைக் கிடத்தும் கடைசி அறை அவர் பொறுப்பில் பல வருஷங்களாக இருந்தது. தினமும் செங்கோட்டையிலிருந்து வந்துபோவார். அந்த வருஷம் அவர் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். ஜன்னல் கட்டில், கதவுக் கட்டில் என்றே சொன்னார். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார். கண் பிரிவுக்கு மாற்றல் கேட்டிருப்பதாக ஒருநாள் சொன்னார்.

"அங்கன யாரும் சாக மாட்டாங்கல்லா."

வேடிக்கைபோலத்தான் சொன்னார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

அப்போது வார்டில் சுரண்டைப் பக்கத்துச் சிறுமி ஒருத்தி இருந்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில் நோய் கண்டிருந்தது. வெள்ளையணுக்கள் முதிராமலேயே பெருகி ரத்தத்தை நிறைத்துவிடும் புற்று. அன்று அதற்குக் குணம் கிடையாது. மெட்ராஸிலிருந்து வரவழைத்த மாத்திரைகள் கொஞ்ச காலம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அவளுக்கு மாத்திரை நன்றாகக் கேட்டது. கன்னம் உருண்டு பளபளத்தது. அது மாத்திரை தந்த ஊதல் என்று எனக்குத் தெரியும். பார்க்க வந்த சொந்தக்காரப் பெண்கள், பிள்ளை தேறிவிட்டாள் என்று திருஷ்டி சுற்றிப்போட்டார்கள்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. அருவியில் ஒரு தடவை நிற்க வேண்டும் என்று சிறுமி தாயை நச்சரித்துக்கொண்டிருந்தாள். அருவித் தண்ணீர் பட்டால் உடம்பில் மிச்சமிருப்பதும் போய்விடும் என்று தாயும் நம்பினாள். டாக்டர் ஒரே நிபந்தனை வைத்தார். அடுத்த ரத்தச் சோதனை நன்றாக இருந்தால் போகலாம். இல்லாவிட்டால் ஈரமும் கூட்டமும் ஆகாது. காய்ச்சல் வந்தால் தாங்க மாட்டாள்.

அந்தச் சோதனை நாளில் வானம் மூடிக்கிடந்தது. மைக்ராஸ்கோப்புக்கு ஜன்னல் வெளிச்சம்தான். அடியிலிருந்த கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வெளிச்சம் பிடித்தேன். ஊதாச் சாயம் ஏறிய பெரிய, முதிராத அணுக்கள் பார்க்கிற இடமெல்லாம் தெரிந்தன. மங்கலில் ஏமாறுகிறேனோ என்று இன்னொரு தகடு எடுக்க வார்டுக்குப் போனேன்.

சிறுமி முனகிக்கொண்டே விரலை நீட்டினாள். குத்தியபின் பஞ்சை அழுத்தியபடி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டேன். அவள் சடையில் அவிழ்ந்து தொங்கிய ரிப்பனை முடிந்துவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது.

நான் கிளம்பியதும் தாய் பின்னாலேயே நடைவழிக்கு வந்தாள்.

"ஏம்மா, இத்தன நாளா வாரீய, போறீய. எம்பிள்ளைய ஒரு நாளும் தொட்டுப் பேசுனதில்ல."

டாக்டர் திருநெல்வேலி போயிருக்கிறார், நாளைக்கு வந்து சொல்வார் என்றேன்.

"டாக்டர் சொல்லட்டும். நீங்க இன்னைக்கு ரிப்பன் கட்டி விட்டீயள்லா. எனக்குத் தெரிஞ்சு போச்சு."

இரண்டாவது தகடும் அதையேதான் காட்டியது.

மறுநாள் காலையில் கட்டில் காலியாக இருந்தது. தாயும் மகளும் விடிந்ததும் குற்றாலத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். அவர்கள் போவதைப் பார்த்தீர்களா என்று நர்சம்மாவிடம் கேட்டேன். பார்த்தேன் என்றார். பிள்ளைக்கு மாற்றுத்துணி இருக்கிறதா என்று மட்டும் அவர்களிடம் கேட்டாராம்.

மதியம் திரும்பிவந்தார்கள். சிறுமியின் தலை ஈரம் காயவில்லை. நல்லெண்ணெய் வாடை அடித்தது. பேரருவியில் பெண்கள் பக்கம் ஓரமாக, தெறித்து விழும் தண்ணீரில் நின்றாளாம். குரங்கு ஒன்று யாருடைய சோப்பையோ தூக்கிக்கொண்டு ஓடியதைக் கட்டில் கட்டிலாகப் போய்ச் சொன்னாள். டாக்டர் கடுமையாகக் கோபித்தார். தாய் தலைகுனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். எதற்கும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்த வாரமே காய்ச்சல் கண்டது. அருவியாலா, நோயாலா என்று எந்தத் தகட்டிலும் பார்க்க முடியாது. சிறுமியைக் கடைசி அறைக்கு மாற்றினார்கள். நர்சம்மா அதற்குள் கண் பிரிவுக்குப் போய்விட்டிருந்தார். அவருக்குப் பதிலாக வந்தவர் என்னிடம் பேசுவதில்லை.

ரத்தம் எடுக்கப் போன என்னைத் தாய் வாசலிலேயே நிறுத்தினாள்.

"உள்ள வந்து சிரிச்சிராதீங்கம்மா. அவளும் என்னைய மாதிரியே எல்லாத்தையும் பாத்துட்டே கெடக்கா. எப்பவும் போல வாங்க."

என் பழைய முகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு உள்ளே போனேன். சிறுமி என்னைக் கண்டதும் முகம் சுளித்து, கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். தாய் அவளை அதட்டினாள், வார்டில் எல்லாத் தாய்மாரும் அதட்டுவதைப் போலவே.